செம்பனைக்கு நடுவே ஒரு கடல்நாய்

என் ஓரகத்தியை அந்த வேலைக்குக் கூப்பிட்டது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவள் போனபிறகு யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. கொழுந்தனாரும் சொல்லவில்லை. ஜொகூரில் கட்டிக்கொடுத்திருந்த அவளுடைய மகள்கூட என்னைக் கட்டிக்கொண்டுதான் அழுதாள். ஆனாலும் கூப்பிட்டது நான். வீட்டில் சும்மா கிடக்கிறதுக்கு வா, நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை என்று சொன்னது நான்.

நாங்கள் இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள். கெமாஸ் பக்கத்தில் தாமான் என்கிற ஒரே குடியிருப்பில், மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தோம். அவள் என்னைவிட ஆறு வயது இளையவள். பல வருஷம் தோட்டத்தில் சேர்ந்தே, எண்ணெய் எடுக்கிற செம்பனைப் பழம் பொறுக்கினோம். குலையை வெட்டித் தள்ளும்போது சிதறுகிற பழங்களைக் குனிந்து பொறுக்கிக் கோணியில் போடுகிற வேலை. பிறகு அந்த வேலையெல்லாம் குத்தகைக்குப் போய், வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள். நாங்கள் வீட்டோடு இருந்துவிட்டோம்.

தோட்டத்தின் ஓரத்தில், ரப்பர் காலத்தில் கட்டிய பெரிய ஸ்டோர் ஒன்று பூட்டிக் கிடந்தது. அதை யாரோ வாடகைக்கு எடுத்து, தகரத்தில் புதுக் கூரை போட்டு, வெளிநாட்டிலிருந்து பழைய பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்து இறக்க ஆரம்பித்தார்கள். பெரிய லோரியில் கொண்டெய்னர் கொண்டெய்னராக வரும். நாங்கள் தரம் பிரித்து, கழுவி, வெட்டிக் கொடுக்க வேண்டும். பின்னால் ஒரு மெஷின் அதை உருக்கிச் சின்னச் சின்ன மணிகளாகக் கக்கும். பெண்கள் ஏழு பேர் இருந்தோம். மேற்பார்வைக்கு நம்ம ஆள் ஒருவர்; அவரை மண்டோர் என்றே கூப்பிட்டோம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட ஒரு வங்காளதேசத்துக்காரர்.

ஓரகத்திக்கு அந்த வேலை பிடித்துப்போனது. அதுதான் எனக்கு இன்னும் வேதனை. அவள் குப்பையைக் குப்பையாகப் பார்க்கவில்லை. ஒரு கட்டைப் பிரித்தால், அதிலிருக்கிற பைகளையும் போத்தல்களையும் வைத்துக்கொண்டு, அதை வீசியெறிந்த வீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பாள்.

"இந்த வீட்ல பூன இருக்குக்கா. ரெண்டு பூன. ஒண்ணுக்கு மீன் புடிக்காது."

"உனக்கு எப்டித் தெரியும்?"

"பாருங்களேன், ஒரு பைல மீன் படம், ஒரு பைல கோழிப் படம். ஒரே பூனன்னா எதுக்கு ரெண்டு வாங்குறாங்க?"

எழுத்து எதுவும் எங்களுக்குப் புரியாது. ஆங்கிலமும் இல்லை. எழுத்துக்குமேல் புள்ளியும் வளையமும் வைத்த ஏதோ ஒரு மொழி. அவள் அதைத் தன் வாய்க்கு வந்தபடி வாசிப்பாள். சிரித்துச் சிரித்து எங்களுக்குக் கை ஓடாது. மண்டோர் வந்து நின்றால், அவரிடமும் ஒரு டப்பாவை நீட்டி, "மண்டோரே, இது என்னா பாஷ, படிங்க பாப்போம்" என்பாள். அவரும் சிரித்துவிடுவார்.

புகைதான் தாங்காது. மெஷின் ஓடுகிற நேரத்தில் தொண்டையில் இனிப்பாக ஏதோ ஒட்டிக்கொள்ளும். துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொள்வோம். சாயங்காலம் குளித்து முடித்தபிறகும் தலைமுடியில் அந்த வாடை இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கழுவுகிற தண்ணீர் போவதற்கு ஸ்டோருக்குப் பின்னால் ஒரு கால்வாய் வெட்டியிருந்தார்கள். அது செம்பனை வரிசைக்குள் போய், சின்ன ஆறு ஒன்றில் கலக்கும். தரையில் சிதறுகிற துண்டு துணுக்குகளைக் கூட்டி அள்ள நேரமாகும் என்று, சாயங்காலத்தில் ரப்பர் குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்து அந்தக் கால்வாயில் தள்ளிவிடச் சொல்லியிருந்தார்கள். அந்த வேலை என்னுடையது. நான் குழாயைப் பிடிப்பேன், ஓரகத்தி விளக்குமாற்றால் தள்ளுவாள். வெள்ளை, பச்சை, நீலம் என்று துணுக்குகள் வரிசையாக மிதந்து போகும். தரை பளிச்சென்று ஆகிவிடும். வேலை முடிந்தது என்று அப்போது மனதுக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. ஒரு நாளும் அது எங்கே போகிறது என்று நான் நினைத்ததில்லை.

ஒரு வருஷத்துக்குமேல் இப்படிப் போனது. பிறகு ஒரு தடவை வந்த கொண்டெய்னரில் பையும் இல்லை, போத்தலும் இல்லை. எல்லாம் மீன்பிடி வலை. பச்சையும் ஆரஞ்சும் நீலமுமாக, கைவிரல் தடிமன் கயிறுகளோடு, பெரிய பெரிய கட்டுகளாக அழுத்திக் கட்டியிருந்தார்கள். கதவைத் திறந்ததும் கருவாட்டு வாடை குப்பென்று வந்தது. ஈயத்தையும் மிதவையையும் அறுத்துத் தனியாகப் போட்டு, வலையை வெட்டிக் கொடுக்க வேண்டும். பழைய வேலையைவிடக் கஷ்டம். உள்ளங்கையெல்லாம் கயிறு அறுத்தது. வலைக்குள் சிப்பி இருந்தது, காய்ந்த பாசி இருந்தது, நண்டு ஓடு இருந்தது. நாங்கள் பார்த்திராத ஒரு பறவையின் இறக்கைகூட ஒரு தடவை கிடைத்தது.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், ஓரகத்தி ஒரு கட்டின் நடுவை வெட்டித் திறந்தாள். திறந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அக்கா, இங்க வாங்க. நாய் ஒண்ணு இருக்கு."

நான் போய்ப் பார்த்தேன். வலை பல சுற்றுச் சுற்றியிருந்தது. உள்ளே காய்ந்துபோன ஓர் உடல். சாம்பல் நிற ரோமம், அங்கங்கே வெள்ளை. வளர்ந்துவரும் நாய்க்குட்டி அளவு இருக்கும். தலை நாய்த் தலை மாதிரிதான் இருந்தது, பல்லும் அப்படித்தான். ஆனால் காது இல்லை. முன்னங்காலுக்குப் பதிலாகச் சின்னதாக ஒரு துடுப்பு, அதன் நுனியில் ஐந்து நகம். பின்னால் இரண்டு கால்களும் ஒன்றையொன்று பார்த்தபடி, கும்பிட்ட கைபோல மடங்கியிருந்தன.

"இது நாய் இல்லம்மா" என்றேன்.

பெண்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். ஒருத்தி நீர்நாய் என்றாள். இன்னொருத்தி தொடாதே, நோய் வரும் என்றாள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் இறங்கி வந்து, குனிந்து பார்த்தார். அவர் கடலோர ஊர்க்காரர். எங்களோடு மலாயில்தான் பேசுவார்.

"இனி அஞ்சிங் லாவுட், காக்கா" என்றார்.

மலாயில் இனி என்றால் இது, காக்கா என்றால் அக்கா; அஞ்சிங் என்றால் நாய், லாவுட் என்றால் கடல். கடல்நாய். ஓரகத்தி அவரை நிமிர்ந்து பார்த்து, "நான் சொன்னேன்ல, நாய்தான்னு" என்றாள். ஆனால் சிரிக்கவில்லை. அவள் சிரிக்காததை நான் அப்போது கவனித்தேன்.

மண்டோர் வந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "வலையோட வெட்டித் தூக்கிக் குப்பைல போடுங்க. சாப்பாட்டு நேரத்துல என்னா இது."

"வலைய எடுத்துட்டுப் பொதைச்சிடுறேன் மண்டோரே" என்றாள் ஓரகத்தி.

"பொதைக்கிறதா? வேற வேல இல்ல?"

"அரை மணி நேரம் குடுங்க. சாப்பாட்டு நேரந்தானே. நான் சாப்பிடல."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அரிசிக் கோணி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். "சீக்கிரம் முடிங்க. பாஸ் வந்தா நான்தான் பதில் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அவள் சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதை மடிக்கு அருகே இழுத்துக்கொண்டாள். நானும் எதிரில் உட்கார்ந்தேன். வெளிச்சுற்று வலை சுலபமாக வந்துவிட்டது. கழுத்தில்தான் நின்றது. பச்சை இழை ஒன்று, வலையின் ஒரே ஒரு கண், கழுத்தைச் சுற்றி மாலைபோலக் கிடந்தது. அவள் கத்தி நுனியை விட்டு நெம்பப் பார்த்தாள். நுனி போகவில்லை. விரலால் ரோமத்தை விலக்கினாள். இழை வெளியில் இல்லை. தோலுக்குள் இருந்தது. அதன்மேல் தோல் வளர்ந்து மூடியிருந்தது.

"அக்கா" என்றாள். "இது செத்தப்பறம் மாட்டலக்கா. மாட்டிக்கிட்டே வளந்துருக்கு."

அவள் மெதுவாக, ஒரு நூல் ஒரு நூலாக அந்தத் தோலைக் கீறி இழையை வெளியே எடுத்தாள். உயிரோடு இருக்கிற ஒன்றின் கழுத்தில் கத்தி வைக்கிறவள்போல அவ்வளவு பதமாகச் செய்தாள். இழை முழுதாக வந்தபோது அது என் கைவளையலைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருந்தது. அதைத் தூரப் போட்டாள். பிறகு துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அழுதாளா, புகையா என்று நான் கேட்கவில்லை.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் மண்வெட்டியோடு முன்னால் போனார். செம்பனை வரிசைக்கு நடுவே, வெட்டிய மட்டைகளை அடுக்கி வைத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஈரமண்ணில் முழங்கை ஆழத்துக்குத் தோண்டினார். கோணியைத் தூக்கியபோது அதில் எடையே இல்லை. காய்ந்த தேங்காய் மட்டை இரண்டைத் தூக்கியதுபோல இருந்தது. மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டு மூவரும் நின்றோம். என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் தன் முறைப்படி வாய்க்குள் ஏதோ சொன்னார். ஓரகத்தி கும்பிட்டாள். மழை பெய்யத் தொடங்கியது, ஓடிவந்துவிட்டோம்.

கோணியில் கட்டுவதற்கு முன் நான் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தேன். என் மகள் அப்போது சிரம்பானில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவளிடம் அதைக் காட்டினேன். ஓரகத்தியும் இருந்தாள். மகள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தன் கைப்பேசியில் எதையெதையோ தேடினாள்.

"எந்த வகைன்னு சரியா சொல்லத் தெரியலம்மா. ஆனா இது நம்ம பக்கத்துக் கடல்ல கெடையாது. வடக்க, ஐஸ் கட்டி மெதக்குமே, அந்தக் கடல்ல இருக்கறது. ஐஸ் மேலயே குட்டி போடுமாம்."

"அவ்ளோ தூரத்துலேர்ந்து இங்க எப்டி வந்துச்சு?" என்று கேட்டாள் ஓரகத்தி.

"கப்பல்காரங்க வலைய விட்டுட்டுப் போயிருவாங்களாம் சித்தி. இல்ல, அந்து போயிரும். அது வருஷக்கணக்கா கடல்ல அலையும். அப்டி ஒதுங்குன வலைய யாரோ கரையில அள்ளிக் கட்டியிருப்பாங்க. உள்ள என்னா இருக்குன்னு பாத்திருக்க மாட்டாங்க."

"பெருசுங்க மாட்டாதா? குட்டி மட்டுந்தானா?"

"எல்லாந்தான் மாட்டும். குட்டிங்கதான் ரொம்ப மாட்டுமாம். வெளையாட்டுக்குத் தலைய விட்டுப் பாக்குமாம். தல உள்ள போயிரும், பின்னால எடுக்க வராது. மொதல்ல லூசாத்தான் இருக்கும். அது வளர வளர..."

மகள் நிறுத்திக்கொண்டாள். நாங்கள் பார்த்ததை அவளுக்குச் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"அதோட அம்மா என்னா பண்ணும்?" என்றாள் ஓரகத்தி.

"கொஞ்ச நாள்தான் பால் குடுக்கும் சித்தி. அப்பறம் விட்டுட்டுப் போயிரும். குட்டி தானாத்தான் தண்ணில எறங்கிக் கத்துக்கணும்."

"அப்ப தனியாத்தான் மாட்டியிருக்கு."

"ஆமா சித்தி."

ஓரகத்தி எழுந்து, அடுப்பில் வைத்த டீயை இறக்கினாள். எங்களுக்கு ஊற்றிக் கொடுத்தாள். தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு அவள் மாறிவிட்டாள் என்று சொன்னால் கதைபோல இருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை வேலைக்கு வந்தாள், பேசினாள், சிரித்தாள். ஆனால் வலைக் கட்டுகளைப் பிரிக்கும்போது மட்டும் பேசமாட்டாள். ஒவ்வொரு கட்டின் நடுவிலும் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கத்தியை எடுப்பாள். வேறு எதுவும் அகப்படவில்லை. ஒரு நாள் சாயங்காலம் நான் குழாயைத் திறந்தபோது விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றாள்.

"அக்கா, இத அள்ளிக் கோணில போடுவோமா?"

"நேரமாவும்மா. மோட்டார் சைக்கிள்ல உன் வீட்டுக்காரரு வந்து நிக்கிறாரு பாரு."

"ஆமா" என்றாள். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டாள். நான் தண்ணீர் அடித்தேன்.

அந்த மழைக்காலத்தில்தான் அவளுக்கு இருமல் ஆரம்பித்தது. சளி என்று நினைத்தோம். சின்ன வயதில் அவளுக்கு இழுப்பு உண்டு, எல்லாருக்கும் தெரியும். கிளினிக்கில் மருந்து கொடுத்தார்கள். வாயில் வைத்து இழுக்கிற பஃப் கொடுத்தார்கள். மெஷின் ஓடுகிற நேரத்தில் வெளியே போய் மரத்தடியில் நின்று இழுத்துவிட்டு வருவாள். வேலையை விட்டுவிடு என்று நான் சொன்னேன். உண்மையாகவே சொன்னேன், பல தடவை.

"வீட்ல உக்காந்து என்னாக்கா பண்றது. செவுத்தப் பாத்துக்கிட்டு இருக்கவா" என்பாள்.

ஒரு நாள் கட்டைத் தூக்கும்போது அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலமாக இருந்தது. ஃபோர்க்லிஃப்ட்காரர் ஓடிப்போய் மண்டோரைக் கூட்டிவர, மண்டோர் தன் காரிலேயே கிளினிக்குக்கு ஏற்றிக்கொண்டு போனார். அங்கிருந்து சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவள் ஸ்டோருக்கு வரவேயில்லை.

டாக்டர் ஒரு பெண். எங்கே வேலை செய்தாள், எத்தனை நாள், என்ன வாடை என்று பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். நுரையீரல் கெட்டுப்போயிருக்கிறது என்றார். புகையாலா என்று நான் கேட்டேன். அதை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, ஏற்கனவே இழுப்பு இருந்திருக்கிறது, ஆனால் அந்தப் புகை அவளுக்கு ஆகவே ஆகாது என்றார். புகையால்தான் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுத்திருந்தாலும் அதைக் கொண்டுபோய் யாரிடம் காட்டுவது என்று எனக்குத் தெரியாது.

அவள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்த மாதங்களில், ஸ்டோரும் மூடிப்போனது. அதிகாரிகள் வந்தார்கள். கேட்டில் சிவப்பு வெள்ளைப் பட்டையைக் கட்டினார்கள். பாஸ் என்று நாங்கள் இரண்டு தடவை பார்த்த ஆள் அதன்பின் வரவில்லை. மண்டோர் தன் சாப்பாட்டுத் தூக்கையும் நாற்காலியையும் எடுத்துக்கொண்டு போனார். மெஷினைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சமிருந்த வலைகளையும் பைக் கட்டுகளையும் யாரும் தொடவில்லை. மழையில் கட்டு அவிழ்ந்து கால்வாய்ப் பக்கம் சரிந்து கிடந்தது.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். கால்வாயில் விழுந்த வலையையாவது மேலே இழுத்துப் போடலாம் என்று நினைத்தேன். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் இழுத்தோம். ஈரத்தில் ஊறி மண்ணைப் பிடித்துக்கொண்டு நகரவே இல்லை. ஒரு முனையை மட்டும் அறுத்து எடுத்தோம். கால்வாய் ஓரத்துச் சேற்றில், விரலால் கிளறினால், நான் தண்ணீர் அடித்துத் தள்ளிய துணுக்குகள். பச்சை, நீலம், வெள்ளை. அரிசியில் கல்போல மண்ணோடு மண்ணாகக் கலந்திருந்தன. இங்கே தங்கியது இவ்வளவு என்றால், போனது எவ்வளவு என்று மகள் கேட்கவில்லை. அவள் குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள். நானும் குனிந்தேன். பழம் பொறுக்கிய பழக்கத்தில் கை தானாக வேகமாகப் போனது. இருட்டுகிறவரை பொறுக்கினோம். இரண்டு பால்மாவு டின் நிரம்பியது. சேற்றில் கொஞ்சமும் குறைந்ததாகத் தெரியவில்லை.

இதை ஓரகத்தியிடம் நான் சொல்லவில்லை. கடைசியாக அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, மூக்கில் குழாயோடு ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தாள். பேச்சு துண்டு துண்டாகத்தான் வரும். ஒரு காலையில் நான் அவள் தலையை வாரிக்கொண்டிருந்தேன்.

"அக்கா. நாம சாயங்காலம் தண்ணியடிச்சுத் தள்ளுவோமே."

"ம்."

"அதெல்லாம் எங்க போயிருக்கும்?"

"எங்க போவும். கால்வாய்லயே தேங்கிக் கெடக்கும். மண்ணு மூடியிருக்கும்."

அவள் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

"ஆத்துல தண்ணி ஓடும்லக்கா."

"இப்ப எதுக்கு அதெல்லாம். பேசாத, எளைக்கும்."

"பொய் சொல்றீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தலையை வாருவதற்கு வசதியாகக் கழுத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே சொன்னாள். நான் பின்னலை முடித்து ரப்பர் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம், நான் கீழே கடையில் அவளுக்குக் குடிக்க மைலோ வாங்கிக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. கொழுந்தனார் கட்டிலைச் சுற்றியிருந்த திரைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "அண்ணி, போயிட்டா" என்றார். டம்ளர் சூடாக என் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நான் பிடித்துக்கொண்டே நின்றேன்.

சிரம்பானிலேயே தகனம் செய்தோம். மறுநாள் சாம்பலை எடுத்துக்கொண்டு போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போனோம். கொழுந்தனார், என் வீட்டுக்காரர், இரண்டு பெண் பிள்ளைகள், நான். காரியம் செய்துவைக்கிற பண்டாரம் கரையில் வாழையிலை போட்டுச் சூடம் கொளுத்தினார். சாம்பல் இருந்த மண்சட்டியைச் சிவப்புத் துணியால் கட்டிக் கொழுந்தனாரின் தோளில் வைத்து, திரும்பிப் பார்க்காமல் இடுப்பளவு தண்ணீருக்குப் போய்ப் பின்பக்கமாக விடச் சொன்னார்.

அன்று கடல் அமைதியாகத்தான் இருந்தது. முந்தின நாள் மழை பெய்திருந்ததால் ஆற்றுத் தண்ணீர் கலந்து கலங்கலாக இருந்தது. கரையோரம் முழுக்கக் குப்பை. போத்தல், செருப்பு, நுரைப்பெட்டித் துண்டு, கிழிந்த பைகள், உறிஞ்சுகுழல். கொழுந்தனார் முழங்கால் ஆழத்தில் நின்றுவிட்டார். அவர் காலைச் சுற்றி ஒரு பை ஒட்டிக்கொண்டது. குனிந்து எடுத்தார். இன்னொன்று வந்தது. அதையும் எடுத்தார். தோளில் சட்டியைப் பிடித்தபடி, மற்றக் கையால் தன்னைச் சுற்றி விலக்கிக்கொண்டே இருந்தார். விலக்கிய இடத்தில் அலை மறுபடியும் கொண்டுவந்து சேர்த்தது.

"விடுங்கய்யா" என்று கரையிலிருந்து பண்டாரம் சொன்னார். "எடுத்துக்கிட்டே இருந்தா முடியாது. இன்னும் கொஞ்சம் உள்ள போயி விட்டுருங்க."

கொழுந்தனார் அசையவில்லை. அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அவள் பேசுவதைக் கேட்டே இருபத்தைந்து வருஷம் வாழ்ந்தவர். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்.

"இதுக்குள்ள எப்டி விடுறது."

பெண்கள் தண்ணீரில் இறங்குவதில்லை. யாரும் எதுவும் சொல்வதற்கு முன் நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். அவர் எடுத்துக் கொடுப்பதை வாங்கி முந்தானையில் போட்டுக்கொண்டேன். மகளும் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் ஜொகூர்ப் பெண்ணும் வந்தாள். மூன்று பேரும் அவரைச் சுற்றி நின்று பொறுக்கினோம். பண்டாரம் பொறுமையாகக் கரையில் உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் அலை கொஞ்சம் ஓய்ந்து, அவரைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்குத் தண்ணீர் தெளிவாக இருந்தது. அவர் வேகமாக முன்னால் நடந்து, இடுப்பளவு ஆழத்தில், சட்டியைப் பின்னால் விட்டார். சிவப்புத் துணி ஒரு தடவை மேலே வந்து தெரிந்தது. பிறகு இறங்கிவிட்டது. அவர் மூன்று முறை முங்கி எழுந்தார்.

பொறுக்கியதைப் போடக் கரையில் இடம் தேடினோம். இருந்த குப்பைத்தொட்டி நிரம்பி வழிந்து, காற்று அதிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பக் கடலுக்கே தள்ளிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் கார் பூட்டிலிருந்து இரண்டு கோணியை எடுத்துவந்தார். அதில் கட்டி ஏற்றிக்கொண்டோம். கண்ணாடியை இறக்கிவிட்டும் காருக்குள் உப்பு வாடை போகவில்லை.

அந்தக் கோணிகள் இன்றைக்கும் எங்கள் வீட்டுப் பின்பக்கம், குளியலறைச் சுவரோரம் இருக்கின்றன. குப்பை லோரிக்காரர் இரண்டு தடவை கேட்டார். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். அவருக்கு அது தெரியவில்லை.